சந்தனம் விற்காத முலைத் தகடு

பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள் என்றால், ராஜபாளையத்துப் பெண்கள் கட்டின புருஷனிடம் சொல்லாத சங்கதியைக்கூடச் சந்தனத்திடம் காட்டிவிட்டுப் போவார்கள். வாய் திறக்க மாட்டார்கள். விரலை நீட்டுவார்கள்.

கண்மாய்க்கரை மாரியம்மன் கோயில் வாசலில் சாக்கை விரித்து அவள் உட்கார்ந்திருப்பாள். முன்னால் வெள்ளியிலும் தகரத்திலும் வெட்டிய உருவத் தகடுகள் கிடக்கும். உடம்பில் நோவு வருகிற இடத்துக்கெல்லாம் ஒரு தகடு உண்டு. கண் வலித்தவள் கண்ணை வாங்கி அம்மன் உண்டியலில் போடுவாள். கால் வீங்கினவன் காலை வாங்கிப் போடுவான். முலை இரண்டும் சேர்ந்தாற்போல ஒரு தகடு. அதை வாங்க வருகிறவள் மட்டும் கண்ணைப் புரட்டி, காதைப் புரட்டி, குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து அதன்மேல் விரலை வைப்பாள். 'நெஞ்சுத் தகடு' என்று ஊரில் அதற்கு மரியாதையாக ஒரு பேர் வைத்திருந்தார்கள். சந்தனத்துக்கு அந்த மரியாதையெல்லாம் ஆகாது.

"முலைத் தகடுதான? வாயத் தொறந்து கேளேன் தாயி. பிள்ளைக்குப் பால் குடுத்ததுதான, களவாண்ட சாமானா?" என்பாள்.

தகடு வெட்டுகிறவன் அவள் புருஷன் கண்ணுச்சாமிப் பத்தர். தங்கமான மனுஷன். பேச்சு என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருக்கும், அப்படி ஒரு ஆள். அந்த வீட்டுக்கு வேண்டிய பேச்சையெல்லாம் சந்தனமே பேசித் தீர்த்துவிடுவாள். பிள்ளை குட்டி கிடையாது. அதற்காக யாராவது உச்சுக் கொட்டினால், "எனக்கு இல்லாத பிள்ளைக்கு உனக்கு எதுக்கு வலிக்கு?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பிறகு உச்சுக் கொட்டினவள் அந்தத் தெருப் பக்கமே வர மாட்டாள்.

ஊருக்கு ரயில் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. மதுரைக்குக் காலையில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். ஆனாலும் நேர்த்திக்கடன் மட்டும் பாட்டன் பூட்டன் காலத்து வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கோயிலில் ஒரு கட்டு உண்டு. இன்ன தகடு போடுகிறேன் தாயே என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டால், அடுத்த பங்குனியில் கொண்டுபோய்ப் போடும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. மருந்தும் தொடக்கூடாது. மருந்து தொட்டால் அம்மனை நம்பவில்லை என்று அர்த்தம். அவளோ அம்மை போடுகிறவள். கோபம் வந்தால் வீட்டில் இருக்கிற பிஞ்சுகள்மேல்தான் இறங்குவாள் என்று பயம். அதனால் சித்திரையில் முலையில் கட்டி கண்டவள் மறு பங்குனிவரை பதினொரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். கட்டிக்குப் பங்குனியும் தெரியாது, பஞ்சாங்கமும் தெரியாது. அது பாட்டுக்கு வளரும்.

சேத்தூரிலிருந்து சுடலையம்மாள் என்று ஒரு சம்சாரி வீட்டுப் பெண் அப்படித்தான் வந்தாள். முதல் வருஷம் தகரத்தில் முலைத் தகடு வாங்கிப் போட்டாள். மறு வருஷம் வெள்ளியில் வாங்கினாள். மூன்றாம் வருஷம் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மாரில் வேப்பிலை வைத்துக் கட்டியிருந்த துணியையும் மீறி வாடை வந்தது. பக்கத்துக் கடைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டாள். சந்தனம் இருந்ததிலேயே பெரிய தகடாக எடுத்துக் கொடுத்தாள். கொடுத்து, கும்பிட்டும் அனுப்பினாள்.

அந்த வருஷம் ஆடி பிறக்குமுன்னே சேத்தூர்க்காரி போய்ச் சேர்ந்தாள் என்று சேதி வந்தது. சந்தனம் அன்று உலை வைக்கவில்லை. கண்ணுச்சாமி பட்டறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது வெறும் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மூணு வருசமா அவ மாரைத் தகட்டுல பாத்தேன். ஒரு தடவையாச்சும் சேலைக்குள்ள என்னன்னு கேட்டனா?" என்றாள்.

கண்ணுச்சாமி பட்டறையைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். 

அடுத்த வீட்டுப் பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஞானரத்தினம் என்ற நர்சம்மா குடையும் தோல்பெட்டியுமாக வந்திருந்தாள். வேதக்காரப் பெண். மதுரையில் பெண்களுக்கென்று இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் படித்தவள். பிள்ளை பிறந்து, அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது சந்தனம் வாசலை மறித்து நின்றாள். முலையில் வருகிற கட்டி என்னது, அது ஆளைக் கொல்லுமா, கொல்லுமென்றால் எப்போது கொல்லும் என்று ஒன்றுவிடாமல் கேட்டாள்.

நர்சம்மா மழுப்பவில்லை. எல்லாக் கட்டியும் புற்று இல்லை, முக்காலும் சும்மாக் கட்டிதான் என்று முதலில் சொன்னாள். எது சும்மாக் கட்டி, எது புற்று என்று தொட்டுப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஆளிடம் காட்ட வேண்டும். அதைவிட்டுத் தகட்டிடம் காட்டி என்ன பிரயோசனம் என்றாள். பால் கட்டினால் வலிக்கும், உடம்பு காயும். புற்றோ தொடக்கத்தில் வலிக்கவே வலிக்காது. கல் மாதிரி ஓர் இடத்தில் கிடக்கும். மேல்தோல் குழி விழும், காம்பு உள்ளே இழுக்கும், சிலருக்குக் காம்பில் ரத்தம் கசியும் என்று விரலால் தன் சேலை மேலேயே தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"வலிக்காததுதான் அதோட சூது, அக்கா. புளியங்கொட்டையா இருக்கையில வந்தா மதுரையில டாக்டரம்மா அறுத்து எடுத்துருவாங்க. எலுமிச்சம்பழமாயி அக்குள்ள எறங்கிட்டா, பொறவு நாங்க ஜெபம்தான் பண்ணணும்."

"அதத்தான் நாங்களும் பண்ணிட்டு இருக்கோம்," என்றாள் சந்தனம்.

மறு பங்குனியில் சந்தனத்தின் சாக்கில் எல்லாத் தகடும் இருந்தது, முலைத் தகட்டைத் தவிர. கேட்டு வந்தவளிடம், தகடு மடியில் இருக்கிறது, முதலில் கட்டியைக் காட்டு என்றாள். பின்னால் வேப்ப மரத்துக்கும் சுவருக்கும் நடுவில் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தாள். பால் கட்டினவளை உடனே அனுப்பிவிடுவாள். கல்லாகத் தட்டுப்பட்டால், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் நர்சம்மாவிடம் காட்டிவிட்டு வா, தகட்டைச் சும்மாவே தருகிறேன் என்பாள். எட்டுப் பேர் கேட்டு வந்தார்கள். இரண்டு பேர் காட்டினார்கள். மற்ற ஆறு பேரும் வைதுவிட்டு அடுத்த கடையில் வாங்கிப் போனார்கள். ராஜூக்கள் வீட்டு அம்மா ஒருத்தி, "ஏமி சந்தனம், எப்ப டாக்டர் ஆனே?" என்று தெலுங்கும் தமிழுமாகக் கேலி செய்தாள். காட்டின இரண்டு பேரில் ஒருத்தி மட்டும் நர்சம்மாவிடம் போனாள். அவளுக்கு வந்தது சும்மாக் கட்டி. அது ஊருக்குள் தெரிந்ததும், ஒன்றுமில்லாததுக்குப் பெண்களைத் துணி அவிழ்க்கச் சொல்கிறாள் பத்தர் பெண்டாட்டி என்று சிரித்தார்கள்.

பூசாரி சங்கையாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் பேரப் பிள்ளைகள் இரண்டை அம்மை கொண்டுபோயிருந்தது. அம்மனுக்கு வருகிறதை மறித்தால் ஊர் தாங்காது என்று கெஞ்சிச் சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் ஊரான் வீட்டுப் பெண்கள் காரியம். வைகாசியில் அது சந்தனத்தின் வீட்டுக்குள்ளேயே வந்தது.

கண்ணுச்சாமியின் தங்கை இருளம்மாளைத் தளவாய்புரத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. முப்பது வயசு, இரண்டு பிள்ளைகள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் முற்றத்துத் தொட்டிப் பக்கம் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மதினி எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் அவளுக்கு. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முதுகைத் தேய்த்து, தோளைத் தேய்த்து, கை விலாப் பக்கம் இறங்கியதும் இருளம்மாள் சட்டென்று நெளிந்தாள். வலது முலைக்கு மேலே, அக்குளுக்குச் சற்று இப்பால், சந்தனத்தின் விரல் நின்றது. புளியங்கொட்டை அளவு. அசையவில்லை. அமுக்கினால் வலிக்கவும் இல்லை.

"எப்பத்துல இருந்து?"

இருளம்மாள் கையால் மடியைப் பொத்திக்கொண்டாள். மடிச்சேலை முனையில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று இருந்தது. சந்தனம் அதைப் பிடித்து இழுத்துக் காட்டினதும் அழுதுவிட்டாள்.

"மூணு மாசமாச்சு மதினி. போன பொங்கலுக்கே பட்டுச்சு, நீங்க திரைக்குள்ள கூப்புடுவியன்னு பயந்து நான் கோயிலுக்கே வரல. வீட்டுலயே நேந்துகிட்டேன். இப்பம் வாய்விட்டுச் சொல்ல வச்சிட்டியளே. எம் பிள்ளையளுக்கு அம்மை வந்தா நான் என்ன செய்வேன்?"

எண்ணெய்க் கையோடு சந்தனம் அப்படியே நின்றாள். வைதுவிட்டுப் போன ஆறு பேரும் அவள் கண்முன் வந்து போனார்கள். பங்குனி வருவதற்கு இன்னும் பத்து மாதம் கிடந்தது. அம்மன் ஒன்றும் செய்யமாட்டாள், நீ ரயில் ஏறு என்று சொல்லிவிடலாம். சொன்னால் இருளம்மாள் ஏறமாட்டாள். தன் உசிர் ஒரு தட்டு, பிள்ளைகள் உசிர் ஒரு தட்டு என்று வைத்தால் எந்தப் பெண் தன் தட்டைப் பார்ப்பாள்? சரி, அம்மன் கடனை முதலில் தீர்த்துவிட்டால் கட்டு விட்டுப் போகிறது, யாருக்கும் பாக்கி இல்லை. சந்தனத்துக்கு அதுதான் பட்டது.

"ஏட்டி, தலைய அலசு. ஈரம் காயறதுக்குள்ள கோயிலுக்குப் போயிட்டு வருவோம்."

கண்ணுச்சாமி கேள்வி கேட்காமல் பட்டறையில் உட்கார்ந்து வெள்ளித் தகட்டை வெட்டினான். தங்கைக்கு என்று தெரிந்திருந்ததால் அவசரம். ஒரு பக்கம் கோணலாகப் போய்விட்டது. வேறு வெட்ட நேரம் இல்லை.

கோயில் சாத்திக் கிடந்தது. சங்கையாவைக் கூட்டிவந்து நடையைத் திறக்கச் சொன்னபோது அவர் இரண்டு கையையும் விரித்தார். காப்புக் கட்டவில்லை, கொடி இல்லை, பங்குனிக் காணிக்கையை வைகாசியில் வாங்கினால் அம்மன் ஏற்கமாட்டாள், வழக்கத்தில் இல்லை என்றார். இருளம்மாள் முகம் வெளுத்துவிட்டது. திரும்பிப் போய்விடுவோம் என்று மதினியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

சந்தனம் நகரவில்லை.

"பூசாரி, ஊருக்குள்ள அம்மை எந்த மாசம் போடுது?"

"அது எப்பம்னாலும் வரும். அதுக்கென்ன?"

"அவ வாரதுக்கு மாசம் பாக்கல. நாங்க குடுக்கதுக்கு நீரு மாசம் பாக்குதீரு. பங்குனிக்கு மட்டுந்தான் அவ கண்ணு முழிப்பான்னா, மத்த பதினோரு மாசம் எதுக்கு வெளக்குப் போடுதீரு?"

 சங்கையா சாவியை எடுக்கவில்லை. கோயிலுக்கு முன்னால் பலிபீடத்துப் பக்கம் அம்மன் சூலம் நட்டிருக்கும். சந்தனம் நாத்தனாரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். மஞ்சள் துணியை அவிழ்த்து, அதே துணியால் கோணல் தகட்டைச் சூலத்தில் கட்டச் சொன்னாள். முடிந்திருந்த காசைப் பலிபீடத்தின்மேல் வைக்கச் சொன்னாள். இருளம்மாள் தகட்டை இறுக்கிக் கட்டினாள். மூன்று முடிச்சுப் போட்டாள்.

"இதுல வாற பாவம் புண்ணியம் எல்லாம் பத்தர் பொண்டாட்டி சந்தனத்துக் கணக்கு," என்று சந்தனம் சூலத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "இவ குடுக்க வேண்டியதக் குடுத்துட்டா. இனி மருந்து தொடலாம்."

அடுத்த பொங்கலுக்கு இந்த வாசலில் உனக்கு இடம் கிடையாது என்றார் சங்கையா. இடத்தை நீரே வைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

சாமி ஆயிற்று, இனி மாப்பிள்ளை. சேதி போய், மறுநாள் இருளம்மாளின் புருஷன் மொக்கைச்சாமி தளவாய்புரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார். பாடுபட்டு உழைக்கிற சம்சாரி. பெண்டாட்டிமேல் கை வைக்காத ஆள். மாரை அறுப்பார்கள் என்று கேட்டதும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நாட்டு வைத்தியர் பற்றுப் போட்டுக் கரைத்துவிடுவார் என்றார். ஊரில் தலை காட்ட முடியாது என்றார். இருளம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் மனசில் இருந்ததைக் கேட்டே விட்டார்.

"அறுத்துட்டா என்ன மிஞ்சும், தங்கச்சி?"

"இருளம்மா மிஞ்சுவா," என்றாள் சந்தனம். "உங்க வண்டியில வலத்த மாடு ஒத்தக் கொம்போட நிக்கே, கொம்பு ஒடிஞ்ச அன்னைக்கு அத அடிமாட்டுக்கா ஓட்டிவிட்டிய? இல்ல, உழுகதுக்குக் கொம்பு வேணும்னு மாடு சொல்லுச்சா?"

மொக்கைச்சாமி மாட்டைப் பார்த்தார்.  பிறகு எழுந்து தலைத்துண்டை உதறிக் கட்டிக்கொண்டு, மதுரை வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

விருதுநகரில் வண்டி மாறி மதுரைக்குப் போனார்கள். ஞானரத்தினம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஏறிக்கொண்டாள். வெள்ளைக்கார டாக்டரம்மா தமிழ் பேசினாள், அச்சுப் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி. இருளம்மாளைப் படுக்க வைத்துக் கட்டியைத் தொட்டாள். அக்குளுக்குள் விரலை விட்டு வெகு நேரம் தேடினாள்.  அக்குளில் ஒன்றும் தட்டுப்படவில்லை என்றாள். எத்தனை மாதமாக இருக்கிறது என்று டாக்டரம்மா கேட்டாள். மூன்று மாதம் என்றதும் நர்சம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லாம் மூன்று வருஷம் கழித்து வருகிறார்கள், இந்த அம்மாளை யார் அனுப்பியது என்று கேட்டாள். நர்சம்மா சந்தனத்தைக் காட்டினாள். சந்தனத்துக்குப் பாராட்டெல்லாம் பிடிக்காது. எப்போது அறுப்பீர்கள், அதைச் சொல்லுங்கள் என்றாள்.

மயக்க மருந்து கொடுக்கக் கொண்டுபோகும்போது இருளம்மாள் மதினியின் விரலை விடவில்லை.

"அம்மன் கோவிச்சுகிட்டா மதினி?"

"உம் பிள்ளைய மேல ஒண்ணும் வராது. வந்தா எம் பேரச் சொல்லு. வீடு தெரியும் அவளுக்கு."

முழு முலையையும் எடுத்துவிட்டார்கள், அக்குள் சதையையும் சேர்த்து. வெட்டினதைப் பார்த்துப் புற்றுதான் என்றாள் டாக்டரம்மா. வேர் பிடித்து ஓடுவதற்கு முன்னால் வந்துவிட்டீர்கள், ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒருதரம் வந்து காட்ட வேண்டும் என்றாள். மூன்று வாரம் அங்கே கிடந்தார்கள். வலது கையைத் தூக்க முடியாமல் இருளம்மாள் கத்துவாள். தூக்கு, தூக்கினால்தான் உலக்கை பிடிக்கலாம் என்று சந்தனம் அதைவிடச் சத்தமாகக் கத்துவாள். வார்டில் இருந்தவர்கள் இவர்கள் சண்டையைப் பார்க்கவே கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்கள்.

அந்த ஆடியில் தளவாய்புரத்தில் நாலு வீட்டில் அம்மை கண்டது. மொக்கைச்சாமி வீட்டுக்கு வரவில்லை. வராததைப் பற்றி ஊர் பேசவில்லை. அந்த நாலு வீட்டைப் பற்றித்தான் பேசியது. மூளி வந்தாள், அம்மை வந்தது என்றார்கள். கிணற்றடியில் இருளம்மாள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. புற்று ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ கட்டிவிட்டிருந்தார்கள். இருளம்மாள் தலை குனிந்தே நடந்தாள். சேலையை இரண்டு சுற்றாகப் போர்த்திக்கொண்டாள்.

பங்குனி வந்தது. சங்கையா சொன்னபடி வாசலில் இடம் தரவில்லை. சந்தனம் கண்மாய்ப் படித்துறைக்குப் போகிற பாதையில் சாக்கை விரித்தாள். கோயிலுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அந்த வழியாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். வாசலைவிட இது நல்ல இடம் என்று கண்ணுச்சாமியிடம் சொன்னாள். வீம்புக்குச் சொன்னாளோ, நிசமாகவே சொன்னாளோ.

இருளம்மாளும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். அவள் படியில் இறங்கியதும் குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒருத்தி தன் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து இழுத்துக் கரையேற்றினாள். மாரைப் பறிகொடுத்த மூளி பொங்கலுக்கு வந்து நிற்கிறாள், புருஷன் விரட்டாமல் வைத்திருப்பதே பெரிசு என்று இன்னொருத்தி காதுபடச் சொன்னாள். சந்தனம் சாக்கை விட்டு எழுந்தாள். வாயில் நல்ல வசவாக ஒன்று தயாராக இருந்தது.

அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. இருளம்மாள் முழங்கால் தண்ணீரில் நின்று, போர்த்தியிருந்த சேலையைத் தோளிலிருந்து தள்ளிவிட்டாள். அக்குளிலிருந்து நெஞ்செலும்புவரை தழும்பு செவசெவ என்று கயிறு மாதிரி ஓடியது. 

"நல்லாப் பாத்துக்கிடுங்க," என்றாள்.  "புளியங்கொட்டையா இருக்கையில அறுத்தது. சேத்தூர்க்காரி மூணு தகடு போட்டா, செத்துப் போனா. நான் ஒரு தகடு போட்டேன், மதுரைக்கும் போனேன், இந்தா நிக்கேன். எம் பிள்ளையளுக்கு நாந்தான் தல சீவி விட்டுக் கூட்டியாந்துருக்கேன், சித்திக்காரி இல்ல. தொட்டா ஒட்டிக்கிடும்னு நெனைக்கவ இப்பம் வந்து தொட்டுப் பாரு."

யாரும் தொடவில்லை. அவள் அப்படியே மூழ்கி எழுந்து, வலது கையால் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினாள். உரக்கக் கத்தித் தூக்கப் பழகின கை. மூன்று தரம் ஊற்றிவிட்டு, எல்லோருக்கும் முன்னால் நிதானமாகச் சேலையைப் பிழிந்தாள்.

கடைசிப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு நடுவயசுக்காரி மட்டும் கல்லில் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஈரச் சேலையோடு இருளம்மாளைக் கடந்து மேலேறி, சந்தனத்தின் சாக்குக்கு முன்னால் வந்து நின்றாள். தகடு எதையும் பார்க்கவில்லை. தன் இடது மாரின்மேல் விரலை வைத்தாள்.

"இங்கன இருக்கு. தைப் பொங்கல்ல இருந்து. எந்த வண்டிக்குப் போகணும்?"